பெயரைக் கழற்றி வைத்து நடந்தவர்

அந்த அந்தியேட்டிக் கிரியைக்கு இருந்தவர்கள்: சுகந்தி அக்கா, அவருடைய மகள் ஆதிரா, ஐயர், கீழ்மாடியிலிருந்து வந்த இரண்டு பெண்கள், நான். இல்லாதவர்கள்: கப்பலில் வேலை செய்யும் சுகந்தி அக்காவின் கணவர், குத்துவிளக்கில் சாய்த்து வைத்த போனுக்குள் முகம் மட்டுமாக இருந்த, டொரொண்டோவிலிருக்கும் சுகந்தி அக்காவின் அண்ணன், முப்பத்தொரு நாட்களுக்கு முன் அதே டொரொண்டோவில் நித்திரையில் இறந்துபோன அவர்களுடைய தாய் பரமேஸ்வரி அம்மா. இன்னொருவர் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். அவரை இருந்தவர்களோடு எழுதுவதா இல்லாதவர்களோடு எழுதுவதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை என் கையால் எத்தனையோ படிவங்களில் எழுதியிருக்கிறேன். இங்கே எழுத மாட்டேன். தன் பெயரை யார் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பாக இருந்தவர்.

ஜிந்துப்பிட்டியில் எங்கள் தோட்டத்தில் மூன்றாவது கதவு அவருடையது. கொழும்பில் தோட்டம் என்றால் செடிகொடி இராது. ஒரு குழாயடி, அதைச் சுற்றிச் சுவரோடு சுவராக ஒட்டிய அறைகள். அவர் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து காய்ந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிறவர். பின்னேரம் அவர் தோட்டத்துக்குள் நுழைந்தால் முதலில் யாராவது ஒரு குழந்தை தும்மும். "அக்கா வந்திருச்சு" என்று அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொல்வாள். அறையில் ஒரு பாய், ஒரு பெட்டி, ஒரு முருகன் படம். கண்ணாடி கிடையாது. அவருடைய புகைப்படம் எங்கும் கிடையாது. அடையாள அட்டையில் இருந்ததுதான் ஒன்றே ஒன்று.

ஒவ்வொரு வருடமும் ஆனி பிறக்கும்போது எங்கள் தோட்டத்தில் கடதாசி வேலை தொடங்கும். கதிர்காமத்துக்கு நடக்கப் பக்தி மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் நடந்து பார்க்காதவர்கள். எங்கள் ஆட்கள் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறி மட்டக்களப்புக்குப் போய், அங்கிருந்து கரையோரமாக நடந்து உகந்தை முருகன் கோயிலைச் சேர்வார்கள். அதற்கு அப்பால் காடு. காட்டு வாசலை வருடத்தில் சில நாட்கள்தான் திறப்பார்கள். அங்கே அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், பெயரைப் பதிவார்கள். எங்கள் குழுவில் வேல் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பவரை எல்லோரும் வேல்சாமி என்பார்கள். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் இன்னும் ஒருபடி மேலே போவார். அடையாள அட்டையின் பிரதி இரண்டு, கிராம சேவகரின் கடிதம், அவசரத்துக்கு ஒரு போன் நம்பர், பிரஷர் சீனி உள்ளவர்கள் டொக்டரிடம் எழுதி வாங்கிய துண்டு. எல்லாம் இல்லாவிட்டால் ரயில் டிக்கட் கிடையாது.

அந்தக் கடதாசிகள் என்னிடம்தான் வரும். என் அப்பா சம்பளத்துக்குப் பெருவிரல் வைத்தவர். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். ஆகவே தோட்டம் முழுவதற்கும் நான்தான் எழுதுவினைஞன். பயணப் பைகளை மட்டும் மூன்றாவது கதவு அக்கா பார்ப்பார். வறுத்த மா, அரிசி, தேயிலை, உப்பு, தைலம், கொப்புளத்துக்குக் கட்டப் பழைய வேட்டியைக் கிழித்துச் சுருட்டிய துணி. காட்டுக்குள் பொலித்தீன் விடமாட்டார்கள் என்பதால் எல்லாம் துணி முடிச்சுகளில். யாருடைய பையையும் ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "இதுல ஒரு சாமான் கூட" என்பார். கூடுதலாக வைத்த சோப்புக் கட்டி வெளியே வரும்.

தன் பையை அவர் கட்டுவது வேறு மாதிரி, அதற்குள் வேறொருவரின் உடுப்பு ஒன்றும் போகும். அவர் தனக்காக ஒருமுறையும் நடந்ததில்லை. நேர்த்தி வைத்துவிட்டு நடக்க முடியாதவர்களுக்காக நடப்பார். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வெள்ளவத்தை என்று ஆட்கள் தேடி வருவார்கள். கூலி வாங்கமாட்டார். போகிற வருகிற செலவு மட்டும். ஆனால் யாருக்காக நடக்கிறாரோ அவராகவே நடப்பார். புறப்படும் அன்று ஜிந்துப்பிட்டிக் கோயிலில் மஞ்சள் நூல் காப்புக் கட்டியதும் அவருடைய பெயர் அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டார். நேர்த்திக்காரரின் பெயரைச் சொன்னால் திரும்புவார்.

"ஏன் அக்கா இப்படி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கால் என்னோடது, நேர்த்தி அவங்களோடது. யாரு வந்திருக்காங்கன்னு முருகனுக்குக் குழப்பம் வரக் கூடாதில்ல? நீங்க கவர் மேல விலாசத்தைப் பிழையா எழுதுனா தபால் எங்க போகும் தம்பி?"

எனக்கு அது நியாயமாகவே பட்டது. படிவம் நிரப்புகிறவனுக்கு அப்படித்தான் படும்.

தோட்டத்தில் இதை வைத்துப் பெரிய பகிடி. "இந்த வருஷம் யாரு வர்றாரு?" என்று வேல்சாமி கேட்பார். "போன வருஷம் வந்த ஹாட்வெயார் முதலாளி நல்ல மனுசன். வழியெல்லாம் எல்லாருக்கும் பிளேன்டீ வாங்கிக் குடுத்தாரு. அதுக்கு முந்தின வருஷம் வந்தாரே தெமட்டகொடை ரயில்வேக்காரர், அவரு வேணாம்டா சாமி. உகந்தையில ஆரம்பிச்ச சண்டை கதிர்காமம் வரைக்கும் முடியல." அந்த ரயில்வேக்காரர் சுருட்டுக் குடிக்கிறவர். காட்டுக்குள் இரண்டாம் நாள் இவருக்கு அடித்தொண்டையிலிருந்து இருமல் வந்ததாம். வேல்சாமி சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லி முடித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குழாயடிப் பக்கம் பார்த்தார்.

காட்டு வாசலில் இது ஒவ்வொரு வருடமும் சிக்கல். அதிகாரி பட்டியலில் உள்ள பெயரைக் கூப்பிடுவார். இவர் பேசாமல் நிற்பார். "அம்மே, நம மொகக்த?" என்று அதிகாரி சிங்களத்தில் பெயர் கேட்பார். இவர் ஹாட்வெயார் முதலாளியின் பெயரைச் சொல்வார். அடையாள அட்டையில் ஒரு பெண்ணின் பெயர், வாயில் ஓர் ஆணின் பெயர். வேல்சாமி பாய்ந்து விழுந்து, "கன் எஹென்னே நே, மஹத்தயா" என்று காது கேட்காத பெண்ணாக்கி உள்ளே இழுத்துக்கொண்டு போவார். அதனால் அவருடைய அட்டையை வழி முழுவதும் வேல்சாமிதான் மடியில் வைத்திருப்பார்.

திரும்பி வருவதற்கும் ஒரு முறை இருந்தது. கதிர்காமம் போய்ச் சேர்ந்து மாணிக்க கங்கையில் குளித்ததும் நேர்த்திக்காரருக்குப் போன் எடுப்பார். "நான் வந்து சேர்ந்திட்டேன்" என்பார். அந்தப் பக்கத்திலிருந்து நேர்த்திக்காரர் இவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்போதுதான் காப்பை அறுப்பார். "போறது லேசு தம்பி. வர்றதுக்குத்தான் ஆள் கூப்பிடணும்." ஹாட்வெயார் முதலாளி வேலை மும்முரத்தில் இரண்டு மணி நேரம் பிந்திக் கூப்பிட்டாராம். அதுவரை ஆற்றங்கரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனிடம் சீமெந்து விலை கேட்டுக்கொண்டிருந்தார் என்று வேல்சாமி சொன்னார்.

வெள்ளவத்தை விஷயம் என் மூலமாகத்தான் வந்தது. ஆதிராவுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கக் கிழமைக்கு இரண்டு நாள் அந்த ஃப்ளாட்டுக்குப் போவேன். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் மாடி. ஒருநாள் பாடம் முடிந்ததும் சுகந்தி அக்கா கேட்டார்.

"தம்பி, உங்கட பக்கம் ஆக்களுக்காக நடக்கிற ஒரு மனிசி இருக்கிறாவாமே?"

முன்பு, வெள்ளவத்தையில் இரவிரவாகச் சுற்றிவளைப்பு நடந்த காலத்தில், சுகந்தி அக்காவின் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மகன் முழுசாக வந்தால் கதிர்காமத்துக்கு நடந்து வருகிறேன் என்று பரமேஸ்வரி அம்மா பொலிஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று நேர்ந்திருக்கிறார். மகன் வந்தார். வந்த கையோடு அவரைக் கனடாவுக்கு அனுப்பினார்கள். பிறகு தாயும் மகனிடம் போனார். நேர்த்தி மட்டும் இங்கே கிடந்தது. இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டது, விடியப்புறம் எழும்பி, "வெளிக்கிட்டாச்சோ, வெளிக்கிட்டாச்சோ?" என்று, பயணம் புறப்படுகிறவர் போல வீடு முழுவதையும் எழுப்புகிறாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்து அக்காவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். நேர்த்தியை நேர்ந்தவர் தன் வாயால் சொல்ல வேண்டும் என்பது அவர் நிபந்தனை. வாட்ஸ்அப் வீடியோவில் பரமேஸ்வரி அம்மா வந்தார். தையல்காரன் அளவெடுப்பது போல இவர் கேட்கத் தொடங்கினார்.

"காலைல எழும்புனதும் என்னங்கம்மா செய்வீங்க?"

"முதல் ஒரு பிளேன்ரீ. சீனி இல்லாமல். சீனி போட்டால் டொக்டர் கொல்லுவான்."

"எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க?"

"இடப்பக்கம்."

"கோவம் வருமா?"

"இவளைக் கேள்."

"அதை ஏன் கேக்கிறியள்" என்று சுகந்தி அக்கா சிரித்தார்.

"எதை நினைச்சு அழுவீங்க?"

"அதெல்லாம் உனக்கு என்னத்துக்குப் பிள்ளை?"

"வழியில அழுகை வந்தா எதுக்குன்னு எனக்குத் தெரியணும்லங்கம்மா."

பரமேஸ்வரி அம்மா, "சுகந்தி, நீ கொஞ்சம் வெளியில நில்" என்றார். நாங்கள் இருவரும் பல்கனிக்குப் போனோம். கீழே கடலோர ரயில் போய்க்கொண்டிருந்தது. சுகந்தி அக்கா தண்டவாளத்தைப் பார்த்தபடி, "எனக்கு முன்னால சொல்லக் கூடாத அழுகை என்ன அழுகை?" என்றார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

அலுமாரியில் பரமேஸ்வரி அம்மா விட்டுப்போன ஒரு மாம்பழ நிற வொயில் சேலை இருந்தது. அதை இவர் வாங்கிக்கொண்டு வந்தார். அவசரத்துக்கு நம்பர் என்ற இடத்தில் டொரொண்டோ நம்பரை எழுதச் சொன்னார். எழுதினேன். காப்புக் கட்டிய அன்று கோயில் வாசலில் நான் பழக்கத்தில் அவருடைய பெயரைச் சொல்லி, "பத்திரமாப் போயிட்டு வாங்க அக்கா" என்றேன். பூக்கடைக்காரிதான் திரும்பிப் பார்த்தாள். அவர் வேல்சாமியிடம், "பிள்ளை, ரயில் எத்தனை மணிக்கு எண்டு கேட்டனியே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜிந்துப்பிட்டியில் பிறந்து வளர்ந்த மனுசியின் வாயில் பரமேஸ்வரி அம்மாவின் பேச்சு.

குழு உகந்தையிலிருந்து காட்டுக்குள் இறங்கி இரண்டாம் நாள், டொரொண்டோவில் பரமேஸ்வரி அம்மா எழும்பவில்லை.

சுகந்தி அக்கா என்னைக் கூப்பிட்டு அழவில்லை. "அவவுக்குச் சொல்லேலுமே தம்பி?" என்றுதான் கேட்டார். கும்புக்கன் ஆற்றைத் தாண்டினால் போனுக்குச் சிக்னல் இல்லை. சொல்ல முடிந்தாலும் என்ன சொல்வது? நேர்த்திக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் நடப்பவருக்கும் தீட்டு, துடக்கு. நடையை நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டும். இங்கே செத்தது நேர்த்திக்காரரே. நான் தோட்டத்துக்கு வந்து வேல்சாமியின் மனைவியிடம் கேட்டேன். அவர் வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் போடவில்லை. "அப்ப அதுக்குப் பேரை யாருடா திருப்பிக் குடுக்கிறது?" என்றார்.

விசா எடுத்துப் போகக் காலம் இருக்கவில்லை. சுகந்தி அக்கா தன் தாயின் செத்தவீட்டைச் சாப்பாட்டு மேசையில் போனை வைத்துப் பார்த்தார். இடையில் இரண்டு தரம் படம் உறைந்து நின்றதாம். பெட்டியை மூடும்போது ஒரு தரம்.

அதற்கு மூன்றாம் நாள் பின்னேரம் நான் ஆதிராவுக்கு முக்கோணங்கள் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். சுகந்தி அக்காவின் போன் அடித்தது. வேல்சாமியின் நம்பர். ஸ்பீக்கரில் போட்டார். முன்பே பேசி வைத்த ஏற்பாடு: சுகந்தி அக்கா அந்த அழைப்பை டொரொண்டோவோடு இணைப்பார், தாய் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இப்போது இணைக்க ஆளில்லை. "நானே அவவின்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லுறன்" என்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

"பிள்ளை, நான் வந்து சேர்ந்திட்டன்" என்றது போன். "கங்கையில தண்ணி வத்திப் போச்சு. கால்தான் வெடிச்சுப் போச்சு. நேர்த்தி முடிஞ்சுது."

சுகந்தி அக்கா வாயைத் திறந்தார். நான் அந்தப் பெயருக்காகக் காத்திருந்தேன். ஆதிராவும் பென்சிலை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"ஓம் அம்மா" என்றார் சுகந்தி அக்கா. "சாப்பிட்டீங்களோ?"

கதிர்காமத்திலிருந்து வரும் பஸ் காலி வீதியால்தான் வரும். புறக்கோட்டை போய் இறங்க வேண்டியவர் வெள்ளவத்தையில் இறங்கினார். மாம்பழ நிறச் சேலை முழங்கால்வரை சேற்று நிறமாகியிருந்தது. மணிக்கட்டில் காப்பு. "அறுத்துடும்மான்னு எத்தனையோ சொன்னேன்" என்று வேல்சாமி பிறகு சொன்னார். "இன்னும் கூப்பிடேல்லையேன்னு கையை நீட்டிக் காட்டுது. அட்டையைக் குடுத்தா, இது ஆரின்ர எண்டு கேட்குது. இன்னும் என்கிட்டதான் கிடக்கு." ஃப்ளாட்டில் பரமேஸ்வரி அம்மாவின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இது எப்ப எடுத்த படம்?" என்று கேட்டாராம். பிறகு ஒரு பிளேன்ரீ கேட்டாராம். சீனி இல்லாமல்.

போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவார் என்று தோட்டத்தில் நினைத்தார்கள். வரவில்லை. மிளகாய்க் கடையில் வேறொரு பெண்ணை உட்கார வைத்தார்கள். அறை வாடகைக்குத் தோட்டத்துக்காரன் என் அம்மாவிடம் வந்து நின்றான்.

பாடத்துக்குப் போகும் நாட்களில் நான் அவரைப் பார்த்தேன். இடப்பக்கம் சரிந்து கதிரையில் இருப்பார். மரக்கறிக்காரனைப் பல்கனியிலிருந்து ஏசுவார். "சேர், உண்மையான அம்மம்மா இருக்கேக்க கூட எனக்கு இவ்வளவு ஏச்சு விழேல்லை" என்று ஆதிரா காதோடு சொன்னாள். சொல்லிவிட்டு, "ஆனா தலைக்கு எண்ணெய் வைக்கிற கை அதே கைதான் சேர்" என்றாள். அவள் கண்ணில் பயம் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒருநாள் லிப்டில் நாங்கள் இருவர் மட்டும். அவருடைய பெயரைச் சொன்னேன். மெதுவாக, இரண்டு தரம். அவர் எனக்கு முன்னால் இருந்த இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆரைக் கூப்பிடுறீங்கள் தம்பி?" என்று மரியாதையாகக் கேட்டார். கதவு திறந்தது.

அண்ணன் டொரொண்டோவிலிருந்து சத்தம் போட்டார். "அவள் காசுக்கு நடிக்கிறாள். உனக்கு விசரே?"

"ஒரு சதம் கேக்கேல்லை அண்ணா."

"அப்ப ஏன் வச்சிருக்கிறாய்?"

சுகந்தி அக்கா போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். ஏன் என்னிடம் சொன்னார் என்று தெரியாது. அந்த வீட்டில் வேறு பெரிய ஆள் இல்லை என்பதால் இருக்கலாம். வந்த நாலாம் நாள், உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தவர் பல்கனியில் நின்று அழுதிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்குச் சொல்லியிருக்கிறார்: "ரெண்டு பேரையும் அனுப்பக் காசு இருந்தது பிள்ளை. வீட்டை ஆர் பாக்கிறது எண்டு உன்னை மறிச்சுப் போட்டன். காசு இல்லை எண்டு உனக்குப் பொய் சொன்னன்."

"இருபத்தைஞ்சு வருஷம் தம்பி" என்றார் சுகந்தி அக்கா. "காசில்லாமத்தான் நான் நிண்டனான் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தன். ஆனா உள்ளுக்கத் தெரியும். அவ ஒருக்கால் வாயைத் திறந்து சொல்லுவா எண்டு பாத்துக்கொண்டே இருந்தன். இப்ப சொல்லிப்போட்டா. நான் எப்பிடி அவவைப் போகச் சொல்லுறது?"

"சொன்னது அவங்க இல்லையே அக்கா" என்றேன்.

"ஆர் சொன்னது அப்ப?"

தாய் வாட்ஸ்அப்பில் அவரிடம் அதைத்தான் சொன்னாரா, அல்லது வழியில் எங்கேயோ அவருக்கே அது வந்ததா, யாரிடம் கேட்பது? ஒருவர் போய்விட்டார். மற்றவர் வரவில்லை.

அந்தியேட்டிக்கான கிரியையை டொரொண்டோவில் அண்ணன் செய்தார். இங்கேயும் ஒன்று செய்ய வேண்டும் என்று ஐயர்தான் வற்புறுத்தினார். "ஆத்மா தங்கக் கூடாது. விட வேணும்." சுகந்தி அக்கா முதலில் வேண்டாம் என்றார். பிறகு, "சின்னதாச் செய்வம்" என்றார். என்னையும் வரச் சொன்னார்.

ஹோலில் பாய் விரித்து, தர்ப்பை, எள்ளு, வாழையிலையில் பிண்டம். குசினியில் அவர். யாரும் அவரை வரச் சொல்லவில்லை, போகச் சொல்லவுமில்லை. ஐயர் நட்சத்திரம் கேட்டார், பெயர் கேட்டார். சுகந்தி அக்கா சொன்னார். ஐயர் மந்திரத்தோடு சேர்த்து, வந்து ஏற்றுக்கொள்ளச் சொல்லி அந்தப் பெயரை உரத்துக் கூப்பிட்டார்.

"பரமேஸ்வரி!"

"ஓம், வாறன்" என்றது குசினி.

கரண்டி ஒன்று கழுவு தொட்டிக்குள் விழுந்தது. ஐயரின் கை எள்ளோடு அந்தரத்தில் நின்றது. போனுக்குள் அண்ணனின் முகம் பெரிதாகி வந்தது. "ஆர் அது? சுகந்தி, ஆர் கதைச்சது?" என்று அவர் கேட்டார். அந்தக் குரலில் முதல்முறையாகக் கோபம் இல்லை. கீழ்மாடிப் பெண்களில் ஒருவர் தாலியைப் பிடித்துக்கொண்டார்.

சுகந்தி அக்கா எழும்பினார். நான் இருந்த இடத்திலிருந்து குசினி வாசல் தெரிந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வரப் பார்த்தார். கூப்பிட்ட இடத்துக்கு வருகிற அவசரம். சுகந்தி அக்கா வாசலிலேயே அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நீங்கள் சொன்னது எனக்குப் போதும். கேட்டிட்டன். எனக்குக் கோவம் இல்லை. நீங்கள் போங்கோ."

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். முழுவதும் பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்தினார்.

சுகந்தி அக்கா அப்போதுதான் அந்தப் பெயரைச் சொன்னார். முதல் தரம் சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. இரண்டாம் தரம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. சொல்லிக்கொண்டே வெங்காயம் வெட்டும் கத்தியால் காப்பு நூலை அறுத்தார்.

"என்னாங்க மிஸ்?" என்றார் அவர். ஜிந்துப்பிட்டிக் குரல். சுற்றுமுற்றும் பார்த்தார். குசினியை, தன்மேல் இருந்த சேலையை, வாசலுக்கு அப்பால் என்னை. "தம்பி, நான் எப்பக் கொழும்புக்கு வந்தேன்?"

ஐயர் தொண்டையைச் செருமினார். "முதலிலேயிருந்து தொடங்குவம். இனிக் கூப்பிட்டால் ஒருத்தரும் கதைக்க மாட்டினம்தானே?"

மீண்டும் எள், மீண்டும் தண்ணீர், மீண்டும் மந்திரம். மீண்டும் அந்தப் பெயரை உரத்துக் கூப்பிட்டார். ஐயர் உட்பட எல்லோரும் குசினிப் பக்கம் பார்த்தோம். அவர் வாசலில் மௌனமாக நின்றார், யாரோ தெரியாத ஒருவரின் செத்தவீட்டில் நிற்பவர் போல. ஒரு பதிலும் வரவில்லை. கீழே ரயில் ஒன்று போய் முடியும்வரை ஒரு பதிலும் வரவில்லை.

அப்போதுதான் சுகந்தி அக்கா வாய்விட்டு அழுதார். முப்பத்தொரு நாளில் முதல் அழுகை அது. ஆதிரா ஓடிவந்து பிடித்தாள். போனுக்குள் அண்ணனும் அழுதார். சத்தம் ஒரு கணம் பிந்தி வந்தது.

அவர் அதற்குப் பிறகு யாருக்காகவும் நடக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் அறையைக் கொடுத்துவிட்டுத் தெமட்டகொடைப் பக்கம் போனார் என்று சொன்னார்கள். போகும்வரை தோட்டத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டார். ஒரு கணம் நிற்பார், தன்னைத்தானா என்று யோசிப்பவர் போல. பிறகுதான் "ஆமா" என்பார். அந்த ஒரு கணத்துக்காகவே பலர் அவரைக் கூப்பிடுவதை விட்டார்கள். நானும் விட்டேன்.

அன்று சாவுவீட்டுச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. சேலையை மாற்றி, ஆதிராவின் பழைய நீளச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "மிஸ், செலவு மட்டும் குடுத்தாப் போதும். தம்பி கூட்டிச் சொல்லும்" என்றார். சுகந்தி அக்கா பெட்டகத்திலிருந்து கட்டாக எடுத்து வந்தார்.

"இஞ்ச நிண்ட நாளுக்கும் சேத்து எடுங்கோ. வேலையும் போயிருக்கும். வாடகையும் நிண்டிருக்கும்."

அவர் கையை நீட்டவில்லை. அழுது வீங்கிய அந்த முகத்தை விளங்காமல் பார்த்தார்.

"அதுக்கு எதுக்குங்க காசு? அந்த நாள்ல நான் இங்க இல்லையே."

ரயில், பஸ், அரிசி, மா, தைலம், கோயில் தட்டில் போட்டது. நான் கூட்டிச் சொன்னேன். அவர் எண்ணி வாங்கி முந்தானை இல்லாத சட்டையில் எங்கே முடிவது என்று தெரியாமல் கையிலேயே பொத்திக்கொண்டார். பதினேழாயிரத்து நானூறு ரூபா.